சொல்லாமல் எடுப்பவர்கள்

மார்ச் 4
பல் செட் கடை, மாடி

அன்புள்ள கறுப்புப்பெட்டிக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீயும் உன் பூனையும் நலமா? மீசைக்காரனுக்கு இழுப்பு குறைந்ததா? பதிலில் முதலில் அவனைப் பற்றி எழுது. உன்னைப் பற்றி அப்புறம் எழுதினால் போதும்.

கறுப்புப்பெட்டி என்றதும் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும். "அது கறுப்பு இல்ல, ஆரஞ்சு" என்று திருத்தாதே. விமானத்துக்கு ஏதாவது ஆன பிறகு அந்தப் பெட்டியில் பதிவானதையெல்லாம் உன் மேஜைக்குக் கொண்டுவருவார்கள். நீ காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, இனி எல்லா விமானிகளும் இப்படி இப்படி ஜாக்கிரதையாக இருங்கள் என்று எச்சரிக்கை எழுதி அனுப்புவாய். இந்த வேலை பார்க்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? குணத்திலும் நீ அந்தப் பெட்டிதான். எல்லாம் விழுந்து நொறுங்கின பிறகுதான் உன்னைத் திறக்க முடியும்.

எனக்கு வேலை தலைக்கு மேல். நேற்று ஒரு தாத்தா பழைய போட்டோவைக் கொண்டுவந்து, "இந்த முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கு பாரும்மா, அதையும் வச்சிடு. என் வீட்டுக்காரி அதைப் பார்த்துதான் சரின்னு சொன்னா" என்றார். மெழுகில் சந்து செதுக்குவது பல் செதுக்குவதைவிடக் கஷ்டம். முதலாளியம்மா பார்த்துவிட்டு, தேறிட்டடி என்றாள்.

என் வீட்டுக்காரர், அதான் உன் மாப்பிள்ளை, வீட்டில்தான் இருக்கிறார். அந்த மோசமான இறக்கத்துக்குப் பிறகு விசாரணை முடியும்வரை பறக்கக் கூடாதாமே. ஒரு கேப்டன் நாள் முழுக்க வீட்டில் இருந்தால் என்ன ஆகும்? நான் அடுப்பைக் கூட்டினால் பின்னாலிருந்து ஒரு கை வந்து குறைக்கிறது. கார் ஓட்டினால் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு கை வந்து ஸ்டியரிங்கைத் திருப்புகிறது. ஒரு வார்த்தை கிடையாது, கை மட்டும் வரும். கேட்டால், "நீ லேட்டாத் திருப்புற" என்கிறார். சிரிக்காமல் என்ன செய்வது?

பதிலைக் கடை விலாசத்துக்கே எழுது. வீட்டுக்கு எழுதினால் என் கைக்கு வந்துசேர நேரமாகிறது. போனும் வேண்டாம். அது அவர் பக்கத்தில்தான் கிடக்கும்.

மீசைக்காரனுக்கு என் முத்தம்.

பல்லழகி


மார்ச் 19

பல்லழகிக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும். முதலில் அவனைப் பற்றி எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். மீசைக்காரன் போய்விட்டான். போன வாரம் என் நாற்காலியில் படுத்தபடியே போய்விட்டான். பின்கட்டில் குழி தோண்டியபோது பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், செடியா?" என்றார். ஆமாம் என்றேன். இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. பூனைக்கு அழுத ஆம்பளை என்று ஆபீஸில் பேர் எடுக்க விருப்பமில்லை.

அப்புறம், அந்தப் பெட்டி ஆரஞ்சு நிறம்.

மாப்பிள்ளையின் கோப்பு என்னிடம்தான் வந்திருக்கிறது. சொந்தக்காரர், நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். மேலதிகாரி, "இருக்கிறதே நாம ரெண்டு பேர். எச்சரிக்கையில யார் பேரும் வராது, நீயே எழுது" என்று தள்ளிவிட்டார். உன்னிடம் நான் இதை எழுதக் கூடாது. படித்ததும் உன் மெழுகு உருக்கும் அடுப்பில் போட்டுவிடு.

அந்த விமானத்தில் ஆளுக்கு ஒரு பிடி, இடது பக்கம் கேப்டனுக்கு, வலது பக்கம் துணை விமானிக்கு. ஒன்றை அசைத்தால் மற்றது அசையாது. இருவரும் சேர்ந்து இயக்கினால் விமானம் இரண்டையும் கூட்டிக் கழித்துக்கொள்ளும். அன்றைக்கு ஓட்டியவர் துணை விமானி. தரையைத் தொட்டு விமானம் துள்ளியது. அவர் முறைப்படி, மறுபடி மேலே ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பிடியை இழுத்தார். மாப்பிள்ளை தன் பிடியை முன்னால் தள்ளினார். ஒருவர் இழுக்க ஒருவர் தள்ள, கழித்தால் பூஜ்யம். விமானம் ஏறவும் இல்லை, ஒழுங்காக இறங்கவும் இல்லை, தொப்பென்று விழுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பணிப்பெண்ணுக்கு முதுகெலும்பு போயிற்று.

இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது, குழந்தைக்கும் புரியும். எடுக்கிறவர் "கன்ட்ரோல் என்கிட்ட" என்று வாயால் சொல்ல வேண்டும். மற்றவர் "உங்ககிட்ட" என்று பதில் சொல்லிக் கையை எடுக்க வேண்டும். மாப்பிள்ளை சொல்லவில்லை. பிடியில் ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்தினால் மற்றவர் பிடி செயலிழக்கும். அதையும் அழுத்தவில்லை. "டூயல் இன்புட், டூயல் இன்புட்", இரண்டு பிடியும் அசைகிறது என்று இயந்திரம் கத்துகிறது, ஒரு கையும் விடவில்லை. ஒரு உறையில் இரண்டு கத்தி.

அதனால் எச்சரிக்கையில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "கேப்டன், வாயால் அறிவிக்காமல் கட்டுப்பாட்டை எடுத்தார்." அந்த வரியால் அவர் பதவிக்கு ஆபத்து வரலாம். அது இல்லாவிட்டால் பழி துணை விமானி தலையில் விழும். உன்னை நினைத்தால்தான் பேனா ஓடமாட்டேன் என்கிறது. என்ன செய்யட்டும்?

கறுப்புப்பெட்டி


ஏப்ரல் 2
கடை

கறுப்புப்பெட்டிக்கு,

நலம். நீ நலமா? தனியாகச் சாப்பிடுகிறாயா, அல்லது அவன் போனதிலிருந்து பட்டினியா? மீசைக்காரனுக்காக நானும் அழுதேன், கடையிலேயே. முதலாளியம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள். வீட்டில் சொல்லவில்லை. பூனைக்கா அழுகிறாய் என்று கேட்பார்.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். ஆனால் அந்த ஒரு வரி மட்டும் மனதில் இருக்கிறது.

அந்த வரி இருக்கட்டும் அண்ணா.

என்னை நினைத்து எடுக்காதே. என்னை நினைத்தே வைத்துவிடு. சொல்லாமல் எடுக்கிற ஆள் என்று உலகத்தில் ஒரு இடத்திலாவது, ஒரு காகிதத்திலாவது யாராவது எழுதிவைக்கட்டும். ஏன் என்று கேட்காதே. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்.

வலது மணிக்கட்டில் கொஞ்சம் வீக்கம். கார் கதவு. இந்த வாரம் செதுக்கும் வேலையில்லாமல் தேய்க்கும் வேலை மட்டும் பார்க்கிறேன். சந்து வைத்த பல் செட் அந்தத் தாத்தாவுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. கண்ணாடியில் பார்த்து விசில் அடித்தார்.

பல்லழகி


ஏப்ரல் 20
வீடு

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் இருவரும் நலம். அங்கு தங்கள் நலமும், தங்கள் பூனை மீசைக்காரனின் நலமும் அறிய ஆவல். அதற்கு இழுப்பு குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தாங்கள் எழுதிவரும் எச்சரிக்கை குறித்து ஒரு வேண்டுகோள். அன்றைய நிகழ்வில் இரண்டு விமானிகளும் ஒரே நேரத்தில் பிடியை இயக்கியதாகவே பதிவில் உள்ளது என்று அறிகிறேன். எனவே "இருவரும் ஒரே நேரத்தில் இயக்கினர்" என்று எழுதினால் அது உண்மையாகவும் இருக்கும், யாருக்கும் பாதகமாகவும் இராது. ஒருவரை மட்டும் சுட்டுவது முறையல்ல. என் கணவர் இருபது ஆண்டுகள் அப்பழுக்கின்றிப் பறந்தவர். அவர் பதவி உயர்வு இதில் அடங்கியிருக்கிறது. என் வாழ்வும் இதில் அடங்கியிருக்கிறது. ஒரு தங்கையின் வேண்டுகோளாக இதை ஏற்க வேண்டும்.

இனி கடிதங்களை மேற்கண்ட வீட்டு விலாசத்துக்கே அனுப்பவும்.

பூனையைக் கவனித்துக்கொள்ளவும்.

தங்கள் அன்புத் தங்கை


ஏப்ரல் 26

பல்லழகிக்கு,

நான் நலம். இதென்ன மதிப்பிற்குரிய அண்ணன், தாங்கள், வேண்டுகோள்? வங்கியிலிருந்து வந்த கடிதமோ என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கேப்டன் மனைவிக்கு இலக்கணம் ஏறிவிட்டது போலிருக்கிறது.

உனக்கு மறதி வேறு வந்துவிட்டது. மீசைக்காரன் போய்ச் சேர்ந்ததைத்தான் எழுதினேனே, கடையில் உட்கார்ந்து அழுததாக நீயும் எழுதினாயே! செத்த பூனைக்கு இழுப்பு குறைந்ததா என்று கேட்கிறாய். பல்லைப் பார்த்துப் பார்த்து உன் மூளை தேய்ந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான். இந்த மாத ஆரம்பத்தில் "அந்த வரி இருக்கட்டும்" என்று எழுதினது யார்? என்னை நினைத்தே வைத்துவிடு என்று எழுதினது யார்? இப்போது எடுத்துவிடு என்கிறாய். காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. எதை நம்புவது?

ஆனாலும் நீ கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை. "என் வாழ்வும்" என்று எழுதிவிட்டாய், அதற்கு மேல் நான் என்ன பேச? வரியை மாற்றிவிடுகிறேன். இருவரும் ஒரே நேரத்தில் இயக்கினர். பொய்யில்லை. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், எழுதும்போது கை கூசுகிறது. துணை விமானிக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். உன் மணிக்கட்டு வீக்கம் வடிந்ததா?

கறுப்புப்பெட்டி


ஜூன் 3
(கடை விலாசத்துக்கு)

பல்லழகிக்கு,

நலமா? இங்கு நலம் என்று வழக்கப்படி எழுதிவைக்கிறேன். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் செய்தேன். மாப்பிள்ளைதான் எடுத்தார். "தூங்குறா" என்றார். மறுபடி செய்தேன். "குளிக்கிறா." மூன்றாம் முறை, "உங்கமேல கோவமா இருக்கா, கொஞ்ச நாள் விடுங்க." என்ன கோபம்? மூளை தேய்ந்துவிட்டது என்று எழுதினதற்கா? நாம் எழுதிக்கொள்ளாத கேலியா?

எச்சரிக்கை எல்லா நிறுவனங்களுக்கும் போய்விட்டது. நீ கேட்ட வரியோடுதான் போனது. மாப்பிள்ளை மறுபடி பறக்கிறாராமே, பயிற்சி கொடுக்கும் கேப்டனாகவும் ஆகிவிட்டாராமே. சந்தோஷம்.

துணை விமானியை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இருவரும் இயக்கினார்கள் என்றால், கேப்டன் இயக்கினது திருத்துவதற்கு, இவர் இயக்கினது கீழ்ப்படியாமல் என்று ஆகிவிட்டதாம். நேற்று ஆபீஸுக்கு வந்தார். நாற்பது வயது ஆள், சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "சார், நீங்க ஒலிப்பதிவு கேட்டீங்கதானே?" என்றார். கேட்டேன் என்றேன். "அவர் சொன்னாரா?" நான் மேஜையைப் பார்த்தேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கையை எடுத்திருப்பேன் சார். அதுக்குத்தானே என்னைப் பழக்கியிருக்கு" என்றார். கொடுத்த தேநீரைக் குடிக்காமல் போய்விட்டார்.

உனக்காகத்தான் செய்தேன் என்று எழுதிக் காட்ட இதை எழுதவில்லை. எனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை. ஒரு வரியாவது எழுது.

கறுப்புப்பெட்டி


ஜூன் 15

ஐயா,

வணக்கம். நான் பல் செட் கடை வைத்திருப்பவள். உங்கள் தங்கை பெயருக்கு வந்த கடிதத்தை நான் பிரிக்கவில்லை. அனுப்பியவர் விலாசத்தைப் பார்த்து எழுதுகிறேன்.

அவள் மே மாத ஆரம்பத்திலிருந்து வேலைக்கு வருவதில்லை. கார் பாலத்துச் சுவரில் மோதிவிட்டது. வலது கை நசுங்கி இரண்டு முறை அறுவை நடந்தது. கட்டைவிரல் இன்னும் மடங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் வீட்டுக்காரருக்கு ஒன்றும் இல்லை, சிறு கீறல்கூட இல்லை. நீங்கள் கூடப்பிறந்த அண்ணன்தானே, இது உங்களுக்குத் தெரியாதா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வந்து பார்க்கவில்லையே என்று நான்தான் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் திட்டவில்லை.

வாரம் ஒருநாள் கைக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். அங்கே நான் போய்ப் பார்க்கிறேன். நீங்கள் ஏதாவது எழுதுவதானால் எனக்கு அனுப்புங்கள். கையில் கொடுக்கிறேன். அந்த வீட்டுக்கு மட்டும் இனி எழுதாதீர்கள். உங்கள் கடிதம் ஒன்று வந்த மறுநாள்தான் கார் மோதியது. இதை அவள் சொல்லச் சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன்.

உடல்நலம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரம்மா


ஜூலை 1

அம்மா பெற்ற என் தங்கைக்கு,

நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

கடைக்காரம்மா கடிதம் வந்ததும் உன் கடிதங்களையெல்லாம் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஏப்ரல் இருபதாம் தேதிக் கடிதத்தை ஒலிப்பதிவு கேட்பது போல மறுபடி மறுபடி படித்தேன். நடு எழுத்தெல்லாம் அவருடையது. மேலேயும் கீழேயும் பூனை மட்டும் உன்னுடையது. அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அவருக்குத் தெரியாத ஒன்றே ஒன்றைப் பிடித்து என்னிடம் கத்தியிருக்கிறாய். ஒரு பேனாவில் இரண்டு கை. இப்படிப்பட்டதைக் கண்டுபிடிப்பதே என் பிழைப்பு. விமானத்தில் இழுத்தவன் யார், தள்ளினவன் யார் என்று விரல்கடை கணக்கு சொல்லுகிற நான், உன்னை மறதிக்காரி என்று எழுதினேன். அதோடு விட்டேனா? பூனை செத்ததையும், வரி இருக்கட்டும் என்று நீ தனியாக எழுதினதையும் அவர் வீட்டு விலாசத்துக்கே எழுதி அனுப்பினேன். உன்னைக் காட்டிக்கொடுத்தது நான்தான். கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருட்டு என்று நினைப்பது பூனை மட்டும் இல்லை.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டேன். எச்சரிக்கைக்குத் திருத்தம் வெளியாகிவிட்டது, பழைய வரி திரும்ப ஏறிவிட்டது. ஏன் மாற்றினேன் என்று மேலதிகாரியிடம் எழுதிக்கொடுத்துவிட்டேன். என்னை இப்போதைக்கு வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். துணை விமானி வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்தவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

நான் வருகிறேன். ஆகஸ்ட் பதினெட்டு ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. திரும்பி வர இரண்டு டிக்கெட். உன் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. இங்கே ஒரு பல் மருத்துவரிடம் உனக்கு வேலை பேசிவிட்டேன், கையை வைத்துச் செய்யாத வேலை, கணக்கு வேலை. வக்கீலும் பார்த்துவிட்டேன். நீ ஒன்றும் யோசிக்க வேண்டாம். துணிமணியை மட்டும் எடுத்து வை. இனி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 9
கடை, மாடி

கறுப்புப்பெட்டிக்கு,

இது இடது கை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று.

நடந்ததை ஒரே ஒரு முறை எழுதுகிறேன். உன் கடிதத்தை அவர்தான் பிரித்தார். படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை என்னைக் கடையில் விடுகிறேன் என்றார், நீ ஓட்டு என்றார். பாலத்து வளைவில் ஏறும்போது, "எந்தப் பூனை?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கை வந்தது. வலது பக்கம் திருப்பினார். நான் இடது பக்கம் இழுத்தேன். உன் பாஷையில் கழித்தால் பூஜ்யம், கார் நேராகச் சுவருக்குப் போனது.

போலீஸ் அறிக்கையில் ஓட்டியவர் கவனக்குறைவு என்று இருக்கிறது. ஓட்டியவர் நான். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார் என்று ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்தபடி சொன்னேன். எழுதிக்கொள்ள வந்த போலீஸ்காரர் அவரைப் பார்த்தார். அவர் அமைதியாக, "ரெண்டு பேர் கையும் அதுலதான் சார் இருந்தது. பதட்டத்துல அவளுக்கு ஞாபகம் இல்ல. விமானத்துலயே இது நடக்கும், ஒரு எச்சரிக்கைகூட வந்திருக்கு" என்றார். நீ எழுதின வரியை மனப்பாடமாகச் சொன்னார். இருவரும் ஒரே நேரத்தில் இயக்கினர். வந்தவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். காரில் உன் பெட்டி கிடையாது. கேட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை.

உன் திருத்தம் வந்ததைக் கேள்விப்பட்டேன். துணை விமானிக்கு ஏதாவது கிடைத்தால் சந்தோஷம். என் அறிக்கைக்குத் திருத்தம் வரப்போவதில்லை.

நான் அந்த வீட்டிலிருந்து வந்துவிட்டேன். போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ் மாறி ஏறினேன், அவ்வளவுதான். கடை மாடியில் மெழுகு மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில். முதலாளியம்மா, எத்தனை நாள் என்று கேட்கவில்லை. இடது கையால் செதுக்கிப் பழகுகிறேன். முதலில் செய்த பல்லைப் பார்த்து அவள், "இது மனுஷனுக்கா, முதலைக்கா?" என்றாள். நான் சிரித்தேன், நிஜமாகவே.

நீ வராதே.

வெள்ளை அடித்தது, வேலை பேசினது, வக்கீல், ரயில் எல்லாவற்றையும் படித்தேன். கையை வைத்துச் செய்யாத வேலை என்று எழுதியிருக்கிறாய். யார் கை அண்ணா அது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? பாசத்தில்தான் செய்கிறாய், தெரியும். அவரும் நான் லேட்டாகத் திருப்புகிறேன் என்றுதான் திருப்பினார். உங்கள் விதி குழந்தைக்கும் புரியும் என்று எழுதினாயே. சொல்ல வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், பிறகுதான் எடுக்க வேண்டும். நான் பதில் சொல்லவில்லை. அதனால் கையை எடு. இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்.

எனக்கு நீ வேண்டும் என்றால் எழுதுவேன். எழுதுவேனா என்று இப்போது தெரியவில்லை. போன கடிதத்தில் நீ அழுதிருக்கிறாய், மை கலைந்திருக்கிறது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பூனை என்று நான் எழுதினபோது ஏப்ரல். நீ அதைக் கேட்டபோது ஜூலை.

பெட்டி ஆரஞ்சு நிறம் என்று இனி திருத்தாதே. எந்த நிறமாக இருந்தால் என்ன, திறக்கிற நேரம் ஒன்றுதான்.

உன் நலம் அறிய ஆவல் என்று எழுதித்தான் முடிக்க வேண்டும். கை வலிக்கிறது, இத்தோடு நிறுத்துகிறேன்.